மூலைக்காரி

திரையில் எழுத்து ஓடி முடிந்த பிறகும் மூலையில் இருந்தவளின் கைகள் நிற்கவில்லை.

டீச்சர் அடுப்படி வாசலில் ஈரத் துணியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாலைக் காப்பி குடிக்கிற நேரம்தான். ஆனால் மழை கட்டியதில் வானம் அதற்குள் அடைத்துக்கொண்டு, கூடத்தில் தொலைக்காட்சி வெளிச்சம் மட்டும் தரையில் நீலமாகச் சிந்திக் கிடந்தது. திரையின் அடியில் சிவப்புப் பட்டை ஓடியது. மேல் அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்படுகிறது, ஆற்றை ஒட்டிய தெருக்களில் தரைத்தளத்தில் இருப்பவர்கள் உடனே மேல்மாடிக்குச் செல்லவும். வலது மூலையில் ஒரு சிறு கட்டம். அதற்குள் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒரு பெண் அதையே கைகளால் சொன்னாள். மழை. அணை. தண்ணீர். மேலே போ.

பட்டை மறைந்தது. விளம்பரம் வந்தது, யாரோ சிரித்துக்கொண்டே பல் துலக்கினார்கள். கட்டம் மட்டும் போகவில்லை. அதற்குள் அந்தப் பெண்ணின் கைகள் இப்போது வயிற்றோடு ஒட்டி, சின்னச் சின்னதாக அசைந்தன. கூட்டத்தில் நிற்கும்போது மற்றவர்கள் கண்ணில் படாமல் ஒருத்தரிடம் மட்டும் ரகசியம் சொல்வோமே, அப்படி.

கீழே. கீழே வா.

டீச்சருக்கு அப்போது பயமெல்லாம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. மறுபடியும் தப்பு. உயிர் போகிற விஷயத்தில்கூட மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் தெரியாத தப்பு.

அந்த உருவத்தோடு அவளுக்கு நெடுநாள் பகை. மூன்று வயதுக் காய்ச்சலில் காது போனவள் டீச்சர். காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். தொலைக்காட்சியில் எல்லோருக்குமான அவசர எச்சரிக்கை என்று ஒன்று கொண்டு வந்தபோது, பார்த்துக் கருத்துச் சொல்ல அவளையும் கூப்பிட்டார்கள். காது கேளாதவர்களுக்கு எழுத்து, சைகை. கண் தெரியாதவர்களுக்குக் குரல். அணைத்து வைத்திருந்தாலும் ஆபத்தென்றால் பெட்டி தானாகவே எழுந்துகொள்ளும். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அந்தச் சைகைப் பெண்ணைத் தவிர. கம்ப்யூட்டரில் செய்த பொம்மை. விரல் இருந்தது, முகம் செத்திருந்தது. சைகை மொழியில் பாதி இலக்கணம் முகத்தில்தானே இருக்கிறது. புருவம் உயர்ந்தால் அது கேள்வி, உயராவிட்டால் அது கட்டளை. இவளுக்கோ புருவம் வரைந்து ஒட்டியது. 'வெளியேறுங்கள்' என்பதும் 'வெளியேறிவிட்டீர்களா' என்பதும் இவள் கையில் ஒன்றுதான். டீச்சர் எழுதி எழுதிப் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. ஆத்திரத்தில் அவள்தான் அதற்கு மூலைக்காரி என்று பெயர் வைத்தாள். வீட்டில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கைபேசியை எடுத்தாள். உதவி மையத்துக்குப் பேசுவதற்குத்தான் எண் கொடுத்திருந்தார்கள். காது கேளாதவர்கள் புகார் சொல்லவும் காது வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மல்லுக்கட்டி எழுத்து வழியில் ஒரு வாசலைத் திறக்க வைத்திருந்தாள். அதில் ஒரு இயந்திரம் உட்கார்ந்திருந்தது.

ஒலி தெளிவாகக் கேட்கிறதா என்று கேட்டது. எனக்குக் காது கேட்காது என்று அடித்தாள். அப்படியானால் ஒலியளவைக் கூட்டிப் பாருங்கள் என்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, சைகை தவறாகப் போகிறது, ஆபத்து, மனிதர் யாராவது இருந்தால் வாருங்கள் என்று எழுதினாள். நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள், காத்திருங்கள் என்றது.

ஜன்னல் கம்பியில் மழை அடித்த அதிர்வு சுவரில் சாய்ந்திருந்த அவள் முதுகுக்குத் தெரிந்தது. அவர்களுடைய தரைத்தள வீட்டுக்கு நேர் கீழே, அடித்தளத்து வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நனைந்த சிமெண்டும் பெட்ரோலும் ஆற்றுச் சேறும் கலந்த ஒரு நாற்றம் கதவிடுக்கில் ஏறி வந்தது.

மாமனார் தன் நாற்காலியில் தொலைக்காட்சிப் பக்கமாகக் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். லாரி ஓட்டியவர். சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது. முழங்காலில் தைலம் தேய்த்துத் தேய்த்து அந்த நாற்காலியே தைலமாக மணக்கும். மகன் இவளைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தபோது, உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் படிப்பாள் என்று தெரிந்து, இருபது வயதிலிருந்து வளர்த்த மீசையை மறுநாளே மழித்துவிட்டார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவர் வாயால் பேசுவார். இவள் அவர் உள்ளங்கையில் விரலால் எழுதுவாள். அவளுக்குக் குரலும் கொஞ்சம் உண்டு. தடித்த குரல், இந்த வீட்டுக்கு மட்டும் புரிகிற குரல்.

அவர் கையைப் பிரித்து, டிவியில் என்ன சொன்னார்கள் என்று எழுதினாள்.

அவர் முகத்தை வெளிச்சத்துக்குத் தூக்கினார். "இங்கயே இருக்கச் சொல்றாங்கம்மா. கதவைத் தாழ் போடாம வச்சிருக்கணுமாம். ஆள் வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்களாம்."

உதட்டைத் தவறாகப் படித்துவிட்டோமோ என்று மறுபடி கேட்டாள். அவர் அதையே மெதுவாகச் சொன்னார். மேலே போகச் சொல்லி எழுத்து வந்ததே என்று எழுதினாள். எழுதினவன் எவனோ, பேசினது தெளிவாகத்தான் பேசியது என்றார். அவள் கொஞ்சம் அழுத்தியே எழுதினாள், நகம் பட்டிருக்கும். அவருக்கும் கோபம் வந்தது. எனக்குக் கண்ணுதான் இல்லை, காது இன்னும் கெட்டியாத்தான் இருக்கு என்றார்.

அப்புறம் தலையைச் சாய்த்து, கொஞ்சம் குழம்பி, வேறொன்றும் சொன்னார்.

"அந்தப் பொண்ணு இன்னும் போகல. பேச்சு நின்னுருச்சு. ஆனா மூச்சு விடுறது கேக்குது."

டீச்சர் எழுந்துபோய் பெட்டியின் ஓரத்தில் ஒலி வருகிற சல்லடைத் துளைகளின்மேல் கையை வைத்தாள். பாட்டென்றால் துள்ளும், செய்தியென்றால் முணுமுணுக்கும். அவள் கைக்கு அது பழக்கம். இப்போது திரையில் ஒரு குழந்தை ஓடிக்கொண்டிருந்தது. துளைகளுக்குப் பின்னால் துள்ளலும் இல்லை, முணுமுணுப்பும் இல்லை. ஏதோ ஒன்று மெதுவாக உப்பியது. மெதுவாகத் தணிந்தது. மறுபடி உப்பியது. வெதுவெதுப்பாக.

கையை எடுத்துக்கொண்டாள்.

கைபேசி அதிர்ந்தது. கணவன். ஆற்றோரத்து நீரேற்று நிலையத்தில் வேலை. பாலத்தை மூடிவிட்டார்கள், என்னால் வர முடியாது, அப்பாவை எப்படியாவது மாடிக்கு ஏற்று என்று அனுப்பியிருந்தான். அவளுக்கு மூச்சு வந்தது. எழுத்து சொன்னதுதான் சரி. இரண்டாம் மாடி அக்காவுக்குத் தகவல் கொடுத்தாள். கதவு திறந்தே இருக்கு, சீக்கிரம் வாங்க என்று அந்த அக்காவும் பதில் போட்டாள்.

மாமாவின் மாத்திரைகளையும் ஒரு போர்வையையும் பையில் திணித்தாள். மகன் சொன்னதை அவர் கையில் எழுதினாள். அவர் அசையவில்லை. முட்டி வீங்கிக் கிடக்கிறது, ரெண்டு மாடி ஏறினால் கழன்றே விடும், வர்ற ஆள் வரட்டும், அவங்களும் நீயும் சேர்ந்து தாங்கலாமே என்றார். யாரும் வரமாட்டார்கள் என்று எழுதினாள். "வர்றேன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கும்மா," என்றார், அவளுக்குத்தான் ஏதோ புரியவில்லை என்பது போல. அலுவலகத்தில், பஸ்ஸில், பள்ளிக்கூடக் கூட்டத்தில், எங்கே போனாலும் இதே கதை. அவள் கண்ணால் கண்டதற்கு யாரோ முகம் தெரியாதவள் வாயால் சொன்ன அளவுக்குக்கூட மதிப்பில்லை. சொந்த வீட்டிலும்.

ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள். ஏம்மா நிறுத்துறே என்று அவர் கேட்டதைப் பார்க்காதவள் போல இருந்துவிட்டாள்.

அப்போதுதான் உதவி மையத்திலிருந்து மனிதர் ஒருவர் வந்தார். பொறுமையாகத்தான் எழுதியிருந்தார். தங்கள் புகார்களை எல்லாம் பரிசீலித்தோம் அம்மா. தாங்கள் சொன்னது நியாயம் என்று முடிவானதால், சைகை உருவத்தைச் சென்ற மாதமே சேவையிலிருந்து நீக்கிவிட்டோம். இப்போது எழுத்தும் குரலும் மட்டுமே ஒளிபரப்பாகின்றன. கட்டமே கிடையாது. தாங்கள் பார்த்தது பழைய பதிவாக இருக்கலாம்.

படித்தாள். மறுபடி படித்தாள். போன வாரம் எச்சரிக்கையைச் சோதித்து ஒளிபரப்பியபோதும் மூலைக்காரி வந்தாளே. அதற்கு முந்தைய வாரமும்.

இப்போது பார்த்தேன், இப்போது, என்று அடிக்கப் போனாள். திரை மங்கியது, சார்ஜ் முடிந்திருந்தது. அடுப்படிக்கு ஓடி அதைச் செருகிவிட்டுத் திரும்பினாள்.

கூடம் நீலமாக இருந்தது.

டிவி எழுந்திருந்தது. அது எழும் என்று அவளுக்குத் தெரியும், எழுவதற்காகத்தான் செய்திருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் சிவப்புப் பட்டை இல்லை. எழுத்து இல்லை. நிகழ்ச்சி எதுவும் இல்லை. முழுத் திரையும் கறுப்பு, மூலையில் கட்டம், கட்டத்துக்குள் அவள்.

மூலைக்காரி புருவத்தை உயர்த்தினாள்.

இரண்டு வருஷமாக டீச்சர் கேட்டுக் கேட்டுச் சலித்த புருவம். ஒட்டியது அல்ல, கீழே தோல் மடிந்து, நெற்றியில் கோடு விழுந்து, உயிரோடு உயர்ந்தது. கை அசைவிலும் பழைய வெட்டு, தடுக்கல் ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து கையால் பேசிய ஒருத்தியின் கைகள்.

பயமா? என்று கேட்டாள். அழகாக, பிழையே இல்லாமல் கேட்டாள்.

பிறகு ஆட்காட்டி விரலை இடது புருவத்தில் வைத்து மெல்ல மேலே தள்ளினாள்.

அது டீச்சரின் பெயர். புருவத்தைத் தூக்கு, புருவத்தைத் தூக்கு என்று வகுப்பில் ஓயாமல் சொல்வதைப் பார்த்துப் பிள்ளைகள் வைத்த கைப்பெயர். அதற்கு எழுத்து கிடையாது. உச்சரிப்பு கிடையாது. அந்தப் பள்ளிச் சுவருக்கு வெளியே அவள் கணவனுக்குத்தான் தெரியும்.

கிழவருக்குக் கண் இல்லை. உனக்குக் காது இல்லை. நான் வருகிறேன்.

டீச்சர் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் டிவியைப் பார்த்துப் புன்னகையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. "சரிம்மா. கதவு தொறந்துதான் இருக்கு."

அவள் பாய்ந்தாள். டிவி மேசைக்குப் பின்னால் முட்டி போட்டு, தூசிக்குள் கையை விட்டு, சுவரோடு ஒட்டியிருந்த செருகியைத் தேடினாள். விரல் அதன்மேல் பட்டதா படவில்லையா, தெரியாது.

எல்லாம் அணைந்தது.

டிவி மட்டுமல்ல. அடுப்படி விளக்கு, வெளிநடை விளக்கு, ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு. மொத்தமாக.

காது கேட்கிறவர்களுக்கு இருட்டில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும். மழைச் சத்தம் ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்லும். ஒரு இருமல் மனிதர் எங்கே என்று சொல்லும். அவளுக்கு விளக்குப் போனால் உலகமே போய்விடும். முட்டிக்கடியில் தரை மட்டும் இருந்தது. தரைக்கு அடியில், எங்கோ ஆழத்தில், ஒரு உறுமல் எலும்பு வழியாக ஏறி வந்தது. தண்ணீர். அடித்தளத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது.

மாமா என்று குரல் கொடுத்தாள். தொண்டை நடுங்கியது மட்டும் தெரிந்தது. வந்த சத்தம் எவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரியாது.

ஒரு கை அவள் கையைப் பிடித்தது.

நிம்மதியில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அந்தக் கை அவள் உள்ளங்கையைப் பிரித்தது. ஒரு விரல் நிதானமாக எழுதியது: பயப்படாதே.

மாமா அவள் கையில் எழுதியதே இல்லை. வாய் இருக்கும்போது எதற்கு எழுத வேண்டும். இருட்டில் உதடு தெரியாதென்று அவருக்குத் தோன்றியிருக்கிறது, பார். இத்தனை வீம்புக்கும் பிறகு, இந்த யோசனை. அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

எழுந்திரு. போகலாம்.

எழுந்தாள். கை அவளை நடத்தியது. நாற்காலியை ஒதுக்கி, மேசை முனையை ஒதுக்கி, எங்கும் இடிக்காமல். அதிலென்ன அதிசயம், அவருக்கு இந்த வீடு எப்போதும் இருட்டுதானே. இந்த நேரத்தில் அவர்தான் கண் உள்ளவர். தோளில் பை இடித்தது. வாசற்படியின் குளிர் பாதத்தில் பட்டது. வெளிநடை. சேற்று நாற்றம் முகத்தில் அறைந்தது. இடப்பக்கம் மேலே போகிற படி. வலப்பக்கம் அடித்தளத்துக்கு இறங்குகிற படி.

கை வலப்பக்கம் இழுத்தது.

அவள் நின்றாள். இடப்பக்கம் இழுத்தாள். கை விடவில்லை. மாமாவுக்குத் திசை தப்பிவிட்டது. பாவம், பதற்றம். மேலே என்று எழுதுவதற்காக அந்தக் கையைத் திருப்பி உள்ளங்கையைத் தடவினாள்.

காய்ப்பு இல்லை.

மாமாவுடையது முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை. விரலடிகளில் கொட்டை கொட்டையாகக் காய்த்திருக்கும்.

இது வழுவழுப்பாக இருந்தது. ரேகை இல்லை. மடிப்பு இல்லை. கண்ணாடி போல. டிவித் திரையைத் துடைக்கும்போது விரல் நுனியில் சுரீரென்று ஒரு மயிர்க்கூச்சம் வருமே, அது அந்தக் கை முழுக்க ஓடியது.

மூக்கை இழுத்தாள். தைலம் மணக்கவில்லை.

தைலம் தூரத்தில் மணந்தது. கீழே.

வெளிச்சம் வந்தது. அவளுக்குப் பின்னால், திறந்து கிடந்த வீட்டுக் கதவு வழியாக, நீலமாக வெளிநடைச் சுவரில் விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் டிவி எரிந்தது. கறுப்புத் திரை. மூலையில் கட்டம்.

கட்டம் காலியாக இருந்தது.

படியைப் பார்த்தாள்.

மாமா இறங்கிக்கொண்டிருந்தார். கறுப்புத் தண்ணீர் அவர் முழங்காலைத் தொட்டு அசைந்தது. இடது கையைப் பக்கவாட்டில் நீட்டியிருந்தார், உள்ளங்கை மேலே பார்க்க. அந்தக் கைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் உள்ளங்கைச் சதை குழிந்தது. ஒரு கோடு. ஒரு வளைவு. ஒரு புள்ளி. எழுத்தெழுத்தாகக் குழிந்தது. அவர் படித்துத் தலையாட்டினார். அடுத்த படியில் காலை வைத்தார்.

டீச்சர் கத்தினாள். அவளிடம் இருந்த குரல் அத்தனையும் சேர்த்து, மாமா என்று கத்தினாள்.

அவருக்குக் கேட்டது. நின்றார். முகத்தை மேலே திருப்பினார். நீல வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது; அவர் உதட்டை அவள் தெளிவாகப் படித்தாள்.

அவர் அவளிடம் பேசவில்லை. பக்கத்தில் இருந்ததிடம் பேசினார்.

"நீ இங்கதானேம்மா இருக்கே. அப்ப மேல நின்னு உன் குரல்ல கத்துறது யாரு?"

அந்த முகத்தில் இப்படி ஒரு பயத்தை அவள் கண்டதில்லை. அவளைப் பார்த்து வந்த பயம். அவர் நீட்டிய கையை இறுக மூடிக்கொண்டார், எதையோ கெட்டியாகப் பிடித்துக்கொள்வது போல. பிறகு வேகவேகமாக, வீங்கிய முட்டியை மறந்து, இறங்கினார். இடுப்பு. மார்பு. வெள்ளைத் தலை.

அவள் ஓட முயன்றாள். முடியவில்லை. அவள் வலது கை இன்னும் பிடிக்குள் இருந்தது.

குனிந்து பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கீழே கறுப்புத் தண்ணீர் ஒன்றுமே நடக்காதது போல அடுத்த படிக்கு ஏறியது. பிடித்திருந்த கை அவள் உள்ளங்கையை மெல்லப் பிரித்தது. சில்லென்று ஒரு விரல் நுனி நடுவில் வந்து நின்று, அவசரமே இல்லாமல், முதல் எழுத்தை எழுதத் தொடங்கியது.